எந்த டி?

என்ன வேலை செய்கிறாய் என்று யாராவது கேட்டால் எனக்குச் சட்டென்று பதில் வராது. கல்யாண வீடுகளில் "கம்ப்யூட்டர் வேலை" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன். தஞ்சாவூரில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். மொத்தம் ஏழு பேர். டெல்டாவில் ஓடுகிற நெல் அறுவடை மிஷின்கள் இன்று எந்த ஊரில் நிற்கின்றன, நாளை எது காலியாக இருக்கும் என்ற விவரமெல்லாம் எங்கள் சர்வரில் இருக்கும். ஓர் ஊரின் உழவர் குழு தனக்கென்று சின்னதாக ஒரு வலைப்பக்கம் செய்துகொண்டு, அதிலிருந்து எங்கள் சர்வருக்குக் கேள்வி அனுப்பலாம். "இந்த ஊரில், இத்தனை ஏக்கர், இந்தத் தேதியில் அறுக்க வேண்டும்" என்று அந்தப் பக்கம் கேட்கும். "இந்த மிஷின் வரும்" என்று எங்கள் சர்வர் பதில் சொல்லும். வலைச்சேவை என்பது அவ்வளவுதான். அப்படிக் கேட்பதற்கான நிரலை எப்படி எழுதுவது என்று புதிதாக வருகிறவர்களுக்குக் காட்ட ஒரு மாதிரி வேண்டும் அல்லவா? அந்த மாதிரி நிரல்களை எழுதுகிறவள் நான்.

என் மாதிரி மொத்தம் பதினோரு வரி. அதில் எனக்கு ரகசியமாக ஒரு பெருமை இருந்தது. கல்லூரி லேபில் யாராவது நீளமான பெயர் வைத்து நிரல் எழுதினால் "என்ன, கட்டுரை எழுதுறியா?" என்று கேலி செய்வோம். ஒற்றை எழுத்தில் பெயர் வைக்கிறவர்கள்தான் கெட்டிக்காரர்கள் என்பது எங்கள் எண்ணம். அந்தப் பழக்கம் அப்படியே ஒட்டிக்கொண்டது. நிலப் பரப்புக்கு 'ஏ' என்று வைத்திருந்தேன். விவசாயியின் பெயருக்கு 'என்'. தேதிக்கு 'டி'. மிஷின் வகைக்கும் 'டி'. ஆங்கிலத்தில் அவை இரண்டு வேறு எழுத்துகள். ஒன்று டேட்டில் முதலில் வருவது, மற்றது டைப்பில் முதலில் வருவது. வகைக்கு நேரே 1 என்ற எண்ணைப் போட்டிருந்தேன். 1 என்றால் டயர் மிஷின், 2 என்றால் பெல்ட் மிஷின். காய்ந்த தரையில் டயர் வண்டி வேகமாக ஓடும். ஈரம் இருந்தால் பெல்ட் வண்டிதான் சேற்றில் புதையாமல் போகும். இந்த விவரம் எங்கள் விளக்கப் பக்கங்களில் நான்காவது பக்கத்தில் ஓர் அட்டவணையில் இருந்தது.

புதிதாக வருகிறவர்கள் நான்காவது பக்கம்வரை போவதில்லை என்பது எனக்குத் தெரியும். நானே போனதில்லை. மாதிரியை அப்படியே நகல் எடுத்து, புரிந்ததை மட்டும் மாற்றி, ஓடுகிறதா என்று பார்த்துத்தான் நானும் கற்றேன். தெரிந்தும் அப்படித்தான் எழுதினேன்.

அந்த மார்கழியில் நீடாமங்கலத்துக்குப் பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து மூன்று மின்னஞ்சல்கள் வந்தன. முப்பது குடும்பங்கள் சேர்ந்த உழவர் குழுவின் செயலாளர் எழுதியிருந்தார். ஒரு பெண். 'டோக்கன் என்ற இடத்தில் நெல் கொள்முதல் நிலையத்தில் கொடுத்த டோக்கன் நம்பரைப் போட்டேன், ஏற்க மறுக்கிறது' என்பது முதல் கேள்வி. எங்கள் டோக்கன் என்பது சர்வருக்குள் நுழைவதற்கான ரகசியச் சாவி. அலுவலகத்தில் அதைச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். எல்லோரும் சிரித்தோம். இரண்டாவது கேள்வி, 'ஏ என்பது ஏக்கரா, மா-வா?' மா என்பது இந்தப் பக்கத்து நில அளவு. ஏக்கர் என்று ஒரு வார்த்தையில் பதில் போட்டேன். மூன்றாவதில், மாதிரியில் உள்ள ஒவ்வொரு எழுத்துக்கும் என்ன அர்த்தம் என்று எழுதி அனுப்ப முடியுமா என்று கேட்டிருந்தார். "விளக்கப் பக்கங்களைப் பார்க்கவும்" என்று பதில் அனுப்பினேன். அதற்கு அவர், 'நன்றி மேடம்' என்று எழுதியிருந்தார்.

பொங்கல் கழிந்து சம்பா அறுவடை மும்முரமாக இருந்த ஒரு காலை. அலுவலகத்தில் பையை மேசைமேல் வைப்பதற்குள் போன் அடித்தது.

"மேடம், நீடாமங்கலம் பக்கத்துலேருந்து பேசுறேன். உழவர் குழு. மெயில் போட்டிருந்தேனே."

"சொல்லுங்க."

"மிஷின் வந்துடுச்சு மேடம். ஆனா டயர் வண்டி வந்திருக்கு. வயல்ல இறங்கி உக்காந்துடுச்சு."

நான் அப்போது சொன்னதை இன்று நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது. "நீங்க டைப்பைத் தப்பா அனுப்பிருப்பீங்க" என்றேன்.

"டைப்பா? அது எதுங்க?"

"டி இருக்குல்ல, அதுல ரெண்டுன்னு போட்டிருக்கணும்."

"டியில தேதி போட்டிருக்கேனே மேடம்."

"அது வேற டி. இது டைப்போட டி."

அந்தப் பக்கம் எஞ்சின் உறுமுகிற சத்தமும் யாரோ அதட்டுகிற குரலும் கேட்டன. பிறகு அவர் கேட்டார். "எந்த டி, மேடம்?"

குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நான் என் மாதிரியைத் திறந்து பார்த்தேன். அவர் அனுப்பியிருந்த கோரிக்கையையும் சர்வரிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெயர், பரப்பு, தேதி, ஊர் எல்லாம் சரியாக மாற்றியிருந்தார். தனக்குப் புரியாத ஒரே வரியை மட்டும் தொடவில்லை. நான் எழுதியபடியே அது இருந்தது. டி சமம் 1. டயர் வண்டி. அந்த வரியை எழுதியது நான்.

எங்கள் நிறுவனத்தை நடத்துகிறவரிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். "போன்லயே முடிச்சிடலாமே" என்றார். "இல்ல சார், நான் போயிட்டு வரேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. "எந்த டி" என்று கேட்ட அந்தக் குரல்தான் காரணமாக இருக்க வேண்டும்.

நீடாமங்கலத்தில் வழக்கம்போல் ரயில்வே கேட் மூடியிருந்தது. பஸ்ஸை விட்டு இறங்கித் தண்டவாளத்தைத் தாண்டி நடந்தேன். அந்தப் பக்கம் ஸ்கூட்டியோடு செயலாளர் நின்றுகொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். முப்பத்தைந்து, முப்பத்தாறு. முழங்கால்வரை சேறு காய்ந்து வெளுத்திருந்தது. தோளில் லேப்டாப் பை.

"நீங்களே வருவீங்கன்னு நெனைக்கல மேடம். உக்காருங்க."

போகிற வழியில் பேசினோம். கணக்கில் பட்டம் படித்தவர். கணவர் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். இவர் இங்கே குத்தகை நிலத்தில் சாகுபடி செய்கிறார். நிரல் எழுதுவதை வீடியோ பார்த்துத் தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறார். ஒவ்வோர் அறுவடைக்கும் மிஷின் தேடிப் பத்துப் பேருக்குப் போன் போட்டு அலுத்துப்போய், குழுவுக்கு ஒரு பக்கம் செய்தால் என்ன என்று தொடங்கியிருக்கிறார். இதையெல்லாம் ரோட்டுப் பள்ளங்களுக்கு ஒதுங்கி ஓட்டியபடியே சொன்னார். நான் பின்னால் உட்கார்ந்து 'உம்' கொட்டினேன். சீர்காழியில் வங்கிக் குமாஸ்தா வீட்டில் பிறந்து டெல்டாவிலேயே வளர்ந்தவள் நான். ஆனாலும் அதுவரை ஒரு வயலுக்குள் இறங்கியதில்லை.

வயலில் கூட்டம் நின்றது. பெரிய பச்சை மிஷின் ஒரு பக்கம் சாய்ந்து, பின் சக்கரம் பாதிக்குமேல் சேற்றில் புதைந்து கிடந்தது. வாய்க்கால் ஓரம் மேட்டுப்பாங்கு, மேல்தரை காய்ந்து வெடித்திருந்தது. அதை நம்பித்தான் டிரைவர் பனி விலகும் முன்பே வண்டியை இறக்கிவிட்டார். கடைசி மழைத் தண்ணீர் வடியாத தாழ்ந்த பக்கத்துக்குப் போனதும் சக்கரம் இறங்கிவிட்டது. இழுக்க வந்த டிராக்டர் ஒன்று வரப்பில் நின்றது. நாலைந்து பேர் மண்வெட்டியால் வரப்பை வெட்டித் தண்ணீரை வடிகாலுக்குத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். சக்கரத்துக்கு அடியில் வைக்கோல் கட்டுகளையும் பனை மட்டைகளையும் திணித்தார்கள்.

டிரைவர் வட மாவட்டத்திலிருந்து வண்டியோடு வந்திருந்தவர். என்னைப் பார்த்ததும் அதிகாரி என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. "கம்ப்யூட்டர்ல டயர் வண்டின்னு கேட்டிருந்தாங்கம்மா. டயர் வண்டி கேட்டா காஞ்ச வயல்தான்னு எடுத்துக்கிட்டேன். என் மேல என்ன தப்பு?" என்றார்.

வயலுக்கு உரிய விவசாயி வேட்டியை மடித்துக் கட்டி இடுப்பளவு கதிருக்குள் நின்றார். கதிர் முற்றித் தலை கவிழ்ந்திருந்தது. சக்கரம் போன இடத்தில் ஆழமாக இரண்டு கோடுகள், அவற்றின் இருபுறமும் நசுங்கிய பயிர். அவர் என்னிடம் பேசவில்லை. செயலாளரைப் பார்த்துத்தான் பேசினார்.

"நான் அப்பவே சொன்னேன். போன் போட்டு வாயால சொன்னா டயரா பெல்ட்டான்னு எதிர்ல கேப்பான். கம்ப்யூட்டர் கேக்குமா? இதை அறுத்துட்டு உளுந்து தெளிக்கலாம்னு இருந்தேன். இந்தப் பள்ளத்துல என்னத்தைத் தெளிக்கிறது?"

செயலாளர் தலையை நிமிர்த்தியே பதில் சொன்னார். "தப்பு என்னோடதுண்ணே. ஒரு வரியைச் சரியாப் பாக்காம விட்டுட்டேன். பெல்ட் வண்டிக்குச் சொல்லியாச்சு. நாளைக்குக் காலையில வந்துடும். பள்ளத்தை நம்ம குழுவே நிரவித் தந்துடுறோம்."

நான் அவர் பக்கத்தில்தான் நின்றேன். அவர் ஒரு வார்த்தை பேசியிருந்தால் போதும், பழியை என் மேல் திருப்பியிருக்கலாம். மூன்று மின்னஞ்சல்களை எடுத்துக் காட்டியிருக்கலாம். அவர் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். அந்தக் கொஞ்ச நேரத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன். பிறகு சொன்னேன்.

"இல்லைங்க. தப்பு எங்களோடது. அந்த வரி நான் எழுதினது. இவங்க என்ன ஏதுன்னு முன்னாடியே கேட்டாங்க. நான் ஒழுங்கா பதில் சொல்லல."

விவசாயி அப்போதுதான் என்னைப் பார்த்தார். "நீங்க யாரும்மா?"

சொன்னேன். முடிந்தவரை எளிமையாக விளக்கினேன். டயர் வண்டிக்கு ஒன்று என்றும் பெல்ட் வண்டிக்கு இரண்டு என்றும் நம்பர் வைத்திருந்ததைச் சொன்னேன்.

அவர் புருவத்தைச் சுருக்கினார். "ஏன்? அதுக்குன்னு ஒரு பேரு இருக்குல்ல? அதைப் போட்டா என்ன?"

பக்கத்தில் மண் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அவரும் கொஞ்சம் சிரித்தார். கோபம் முழுக்கப் போகவில்லை. ஆனால் இறங்கிவிட்டது.

பகல் ஒரு மணிக்கு வண்டி மேலே ஏறியது. எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். நானும் கத்தினேன். செருப்பு சேற்றில் எங்கோ போயிருந்தது.

கை கால் கழுவச் செயலாளர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். சாப்பிடச் சொன்னார். சோறும் வாழைக்காய்க் குழம்பும். சாப்பிட்டு முடித்ததும் அலமாரியிலிருந்து ஒரு லாங் சைஸ் நோட்டை எடுத்து வந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க மேடம். உங்க சாம்பிளைப் படிக்கிறப்ப எழுதி வச்சேன்."

பக்கத்துக்கு மூன்று கட்டம் போட்டிருந்தார். முதல் கட்டத்தில் என் மாதிரியில் உள்ள பெயர். இரண்டாவதில், அதைப் பார்த்ததும் அவர் என்ன நினைத்தார் என்பது. மூன்றாவதில், உண்மையில் அது என்ன என்பது. மூன்றாவது கட்டம் பல இடங்களில் காலியாக இருந்தது. 'ஃபீல்டு கட்டாயம்' என்று எங்கள் பக்கம் பிழை காட்டியபோது, வயலின் பெயரைக் கேட்கிறது என்று நினைத்து 'கீழ்வயல்' என்று போட்டிருக்கிறார். நாங்கள் சொன்ன ஃபீல்டு, நிரப்ப வேண்டிய கட்டம். 'ஈரம்: ஆம்' என்று மாதிரியில் ஓரிடத்தில் இருந்தது; கட்டாயமில்லாத அந்த வரியை அவர் அனுப்பாமலே விட்டிருந்தார். அதற்கு நேரே அவர் எழுதியிருந்தார்: 'தரை ஈரமா, நெல்லு ஈரமா? ரெண்டும் வேற வேற பிரச்சனை.'

அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மாதிரியில் 'ஈரம்' என்று எழுதியபோது நான் எதை நினைத்தேன்? நேர்மையாகச் சொன்னால், எதையும் நினைக்கவில்லை. யாரோ கொடுத்த பட்டியலில் இருந்தது, போட்டேன். கொள்முதல் நிலையத்தில் நெல்லின் ஈரப்பதம் பார்த்துத்தான் எடுப்பார்கள் என்பது இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். ஈரம் என்ற சொல்லைப் பார்த்ததும் விவசாயியின் மனம் இரண்டு பக்கமும் போகும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

"இதை எனக்கு அனுப்பியிருக்கலாமே" என்றேன்.

"அனுப்பலாம்னுதான் இருந்தேன். நீங்க சிரிப்பீங்களோன்னு ஒரு இது."

டோக்கனை வைத்து நாங்கள் சிரித்ததை அவரிடம் அன்றே சொல்லிவிட்டேன். சொல்லாமல் அந்த வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அவர் யோசித்துவிட்டு, "நானா இருந்தாலும் சிரிச்சிருப்பேன்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. லேப்டாப்பைத் திறந்தார்.

அன்று மாலை ஐந்து மணி பஸ் வருவதற்குள் மாதிரியைப் பாதி திருத்திவிட்டோம். 'ஏ' என்பது 'வயல் பரப்பு ஏக்கரில்' ஆனது. அளவின் பெயர் கூடவே இருக்க வேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். "மூணு மா ஒரு ஏக்கர். எங்க ஊர்ல யாரும் ஏக்கர்ல பேச மாட்டாங்க. ஆறு மா வச்சிருக்கிறவர் ஆறுன்னு போட்டா, ரெண்டு ஏக்கருக்கு ஆறு ஏக்கர் மிஷின் நேரம் போயிடும்." தேதி 'அறுவடை தேதி' ஆனது. டோக்கன், 'சர்வர் நுழைவுச் சாவி'. மிஷின் வகைக்கு 1, 2 போய் 'டயர்', 'பெல்ட்' என்ற சொற்களே வந்தன. பெல்ட் வண்டியைச் சில ஊர்களில் செயின் வண்டி என்பார்கள். எதை வைப்பது என்று நான் கேட்டேன். அவர் வாசலுக்குப் போய், வயலிலிருந்து ஏறி வந்து தெருவில் நின்ற மிஷினைக் கழுவிக்கொண்டிருந்த டிரைவரிடம் கேட்டுவிட்டு வந்தார். "அவங்க பெல்ட்டுன்னுதான் சொல்றாங்க. வண்டி ஓட்டுறவங்க என்ன சொல்றாங்களோ அதையே வைப்போம்."

மிச்சத்தை அடுத்த இரண்டு வாரம் போனிலேயே செய்தோம். நான் ஒரு பெயர் சொல்வேன். அவர் மறுநாள் பதில் சொல்வார். இடையில் என்ன செய்கிறார் என்று எனக்கு முதலில் தெரியவில்லை. பிறகுதான் சொன்னார். நடவு, களையெடுப்புக்குக் கூட வருகிற பெண்களில் யாராவது ஒருவரிடம், விளக்கம் எதுவும் சொல்லாமல் அந்தப் பெயரை மட்டும் படித்துக் காட்டி, "இதுல என்ன எழுதணும்?" என்று கேட்பாராம். சரியாகச் சொன்னால் பெயர் தேறியது. யோசித்தால் தேறவில்லை. 'தரை ஈரமாக உள்ளதா' என்ற பெயர் முதல் தடவையிலேயே தேறியது. நான் பெருமையாகச் சொன்ன ஒரு பெயர் நான்கு பேரிடமும் தேறவில்லை. அது என்ன என்று இங்கே சொல்லப்போவதில்லை.

புது மாதிரி இருபத்தாறு வரி வந்தது. அலுவலகத்தில் காட்டினேன். எங்களில் அனுபவம் மிகுந்த நிரலாளர் திரையை மேலும் கீழும் நகர்த்திப் பார்த்தார்.

"பதினொண்ணு இருபத்தாறு ஆயிடுச்சே. பாக்குறவன் பயந்துடுவான்."

"படிச்சுப் பாருங்க சார்."

"எனக்குப் புரியுது. எனக்கு முன்னாடியும் புரிஞ்சுது."

நிறுவனத்தை நடத்துகிறவர் எங்கள் இருவரையும் பார்த்தார். "அந்தம்மாவை ஒரு நாள் வரச் சொல்லுங்களேன்" என்றார்.

அவர் வந்தார். நல்ல பருத்திப் புடவை, கையில் அதே நோட்டு. மருந்துக்கடை மாடிப்படி செங்குத்தானது. ஏறி வந்து மூச்சு வாங்கினார். ஏழு பேருக்கு நடுவில் உட்கார வைத்தோம். முதல் ஐந்து நிமிடம் குரல் நடுங்கியது. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டு போகப்போக நடுக்கம் போய்விட்டது. யார் மேலும் குறை சொல்லவில்லை. "இதைப் பாத்து இப்படி நெனைச்சேன், அதனால இப்படிப் போட்டேன், அதனால இது நடந்துச்சு" என்று மட்டும் சொன்னார். மிஷின் புதைந்ததையும் அப்படியே சொன்னார்.

அனுபவம் மிகுந்தவர் மெதுவாகத்தான் கேட்டார். "எல்லாத்தையும் நாங்களே பிட்டுப் பிட்டு வச்சா, புதுசா வர்றவங்க எப்பதான் கத்துக்குவாங்க?"

அவர் நோட்டை மூடி மடியில் வைத்தார்.

"கத்துக்கத்தானே சார் வந்திருக்கோம். ஆனா எதைக் கத்துக்கணும்? மிஷினை எப்படிக் கூப்பிடுறதுங்கறதையா? எழுதுறப்ப உங்க மனசுல என்ன இருந்துச்சுங்கறதையா? முதலாவதைக் கத்துக்க நான் எவ்வளவு நேரம் வேணும்னாலும் உக்காருவேன். ரெண்டாவதுக்குத்தான் ஒரு மாசம் போச்சு."

அனுபவம் மிகுந்தவர் தலையை ஆட்டினார். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "அந்த ஃபீல்டு பிழைச் செய்தி நான் எழுதினது. அதை எப்படி மாத்தலாம், சொல்லுங்க" என்று கேட்டார். நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. இருவரும் ஒரு மணி நேரத்துக்குமேல் பேசினார்கள். டீ ஆறிப்போனது.

புது மாதிரியை வெளியிட்டோம். எத்தனை பேர் அதைப் பயன்படுத்தினார்கள் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. எனக்கு வருகிற போன்களின் தன்மை மாறியதை மட்டும் கவனித்தேன். முன்பெல்லாம் "இது என்ன?" என்று கேட்பார்கள். இப்போது "இதோட இன்னொண்ணையும் சேக்க முடியுமா?" என்று கேட்கிறார்கள். வேளாங்கண்ணிப் பக்கத்துக் கடலோரக் கிராமத்திலிருந்து ஒருவர் அழைத்தார். மீன் வியாபாரம் செய்கிறவர். எங்கள் அறுவடை மாதிரியைப் பார்த்தே, படகு கரை சேரும் நேரத்துக்கு ஐஸ் வண்டியைக் கூப்பிடுகிற பக்கம் ஒன்றைச் செய்துவிட்டாராம். "நெல்லுக்கும் எனக்கும் சம்பந்தமில்லைங்க. ஆனா படிச்சா புரிஞ்சுது. 'வயல் பரப்பு ஏக்கரில்'னு இருந்த எடத்துல 'மீன் எடை கிலோவில்'னு மாத்திக்கிட்டேன்" என்றார். நன்றி சொல்லத்தான் அழைத்திருந்தார். வேறு எந்தச் சந்தேகமும் அவருக்கு இல்லை.

செய்தியை உடனே நீடாமங்கலத்துக்குச் சொன்னேன். "கிலோன்னு போட்டாரா? அளவைச் சேத்தே போட்டாரா?" என்று இரண்டு தடவை கேட்டார். அந்தச் சந்தோஷத்தைப் போன் வழியாகவே பார்க்க முடிந்தது.

எங்கள் நிறுவனத்தில் முழுநேர வேலைக்கு அவரை அழைத்தார்கள். சாகுபடியை விட்டுவிட்டு வர முடியாது என்று சொல்லிவிட்டார். வாரத்தில் இரண்டு நாள், வெளியிடுவதற்கு முன் எங்கள் மாதிரிகளைப் படித்துச் சொல்கிற வேலையை மட்டும் ஏற்றுக்கொண்டார். அந்த இரண்டு நாளில் நாங்கள் ஏழு பேரும் பெயர் வைப்பதில் கூடுதல் கவனமாக இருப்போம். பயம் என்று சொல்ல மாட்டேன். நன்றாகச் சமைக்கிறவர் சாப்பிட வருகிறார் என்றால் உப்பை இன்னொரு தடவை சரிபார்ப்போமே, அதுபோல.

இந்த ஆண்டு அவர் தானாகவே ஒரு வலைச்சேவை எழுதியிருக்கிறார். முறைவைத்துத் தண்ணீர் விடுகிற நாட்களில், வாய்க்காலில் யாருடைய முறை எப்போது என்று ஊரார் கேட்டுத் தெரிந்துகொள்வதற்கு. அதற்கான மாதிரி நிரலை எனக்கு அனுப்பி, "பாத்துச் சொல்லுங்க" என்றார். முதல் தடவையாக நான் படிக்கிறவள், அவர் எழுதுகிறவர். ஒவ்வொரு பெயராக நிதானமாகப் படித்தேன். ஒரே இடத்தில் நின்றேன். 'மடை திறக்கும் நேரம்' என்று இருந்தது. மதகு என்று வைத்தால் எல்லோருக்கும் புரியுமே என்று எழுதி அனுப்பினேன்.

கொஞ்ச நேரத்தில் போன் வந்தது.

"மதகுன்னா ஆத்துல இருக்கிற பெருசுங்க. அதை அரசாங்கத்துல திறப்பாங்க. இது வாய்க்கால்லேருந்து நம்ம வயலுக்கு வெட்டி விடுறது, மடை. மதகுன்னு போட்டா, ஆத்துல தண்ணி திறக்கிறப்ப சொல்வாங்க போலன்னு எல்லாரும் வீட்டுலயே உக்காந்திருப்பாங்க."

"அப்ப மடையே இருக்கட்டும்" என்றேன்.

"வேற எதுவும் இருக்கா?"

"வேற எதுவும் இல்லைங்க. எல்லாம் புரியுது."

"உண்மையாவா? மரியாதைக்குச் சொல்லலையே?"

மரியாதைக்குச் சொல்லவில்லை. அதை நிரூபிக்க, மாதிரியை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை போனிலேயே படித்து, ஒவ்வொன்றிலும் என்ன எழுத வேண்டும் என்று சொல்லிக்கொண்டே போனேன். அவர் அந்தப் பக்கம் "ம்", "ம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.